வெளியே தள்ளிய பிறகு 15 நாள்!

"கற்றுக்கொள்! கற்றுக்கொண்டே இரு! நேற்றுக் கற்றது இன்று செல்லாது. இன்று கற்பது நாளைக்குப் போதாது!" - இப்படி ஓர் உபதேசம் இன்று எத்திசையிலும் ஒலிக்கிறது. ஆலை வாயிலிலே பலகை எழுதி மாட்டுகிறார்கள். அமைச்சர்கள் விழா மேடையிலே முழங்குகிறார்கள். முதலாளிமார் மாநாடு கூட்டி, குளிரூட்டிய மண்டபத்திலே அமர்ந்து, "ஐயகோ! நமது தொழிலாளி தன் திறமையை வளர்த்துக்கொள்ளவில்லையே!" என்று கண் கலங்குகிறார்கள்.

நல்ல உபதேசந்தான், நாம் மறுக்கவில்லை. தேநீர்க் கடைப் பலகையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்து நின்று கேட்டு, உலகம் அறிந்துகொண்ட கூட்டத்தின் வழி வந்தவர்கள் நாம். தெருவுக்குத் தெரு படிப்பகம் திறந்தவர்கள் நம் முன்னோடிகள். உனக்கேன் படிப்பு என்று கேட்டவர்களோடு மல்லுக்கு நின்ற நமக்கு, படி என்று சொல்பவரிடம் பகை ஏது?

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி இருக்கிறது. எப்போது கற்பது? யாருடைய நேரத்திலே? யாருடைய காசிலே?

இந்தக் கேள்விக்கு டில்லித் துரைத்தனம் சட்டத்திலேயே ஒரு விடை எழுதி வைத்திருக்கிறது. 2020-ல் நாடாளுமன்றத்திலே நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, மற்ற மூன்று தொகுப்புகளோடு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதன் 83-ஆவது பிரிவைத் தோழர்கள் அவசியம் படிக்கவேண்டும். தொழிலாளர் மறுதிறன் நிதி என்று ஒரு நிதி. பெயரைக் கேட்டாலே நெஞ்சு குளிர்கிறதல்லவா! தொழிலாளிக்குப் புதுத் திறன் ஊட்ட ஒரு நிதியாம்! எப்போது ஊட்டுவார்களாம்? ஆட்குறைப்புச் செய்து, வாயிற்கதவுக்கு வெளியே நிறுத்திய பிறகு! ஆட்குறைப்புக்கு ஆளான ஒவ்வொருவருக்கும் கடைசியாக வாங்கிய ஊதியத்திலே 15 நாள் சம்பளத்தை முதலாளி அந்த நிதிக்குச் செலுத்தவேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்கிலே சேரவேண்டும். இது வழக்கமான ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு மேல் தனியாக வருவது என்பதையும் சொல்லிவிடுகிறோம், நியாயத்தை மறைப்பானேன்!

ஆயினும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 18,000 ரூபாய் வாங்குகிறவருக்கு 15 நாள் ஊதியம் எவ்வளவு? ஒன்பதாயிரமோ பத்தாயிரமோ. வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மளிகைக் கடைப் பாக்கி - இவற்றையெல்லாம் தாண்டி, அந்தப் பணம் எந்தப் பயிற்சிப் பள்ளியின் படியை மிதிக்கும்? ஓடுகிற வெள்ளத்திலே ஒருவனைத் தள்ளிவிட்டு, நீச்சல் பள்ளிக்கான கட்டணத்தைக் கரையிலிருந்து வீசுவதற்குப் பெயர் பயிற்சியா?

அதுவும் எல்லோருக்கும் வீசமாட்டார்கள்! குறித்த காலத்துக்கு மட்டும் என்று எழுதி வாங்கி வேலைக்கு வைத்துக்கொள்கிறார்களே, அந்தத் தோழரின் காலம் முடிந்தால் அது 'ஆட்குறைப்பு' ஆகாது என்று அதே சட்டம் கூறுகிறது. ஆட்குறைப்பு இல்லையென்றால் மறுதிறன் நிதியும் இல்லை. 100 பேர் வேலை செய்யும் ஆலையே ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி கேட்கவேண்டும் என்றிருந்ததை 300 பேர் என்று உயர்த்தியதும் இதே தொகுப்புதான். தள்ளுவதற்கு வாயிலை அகலமாக்கினார்கள். தள்ளப்பட்டவனுக்கு 15 நாள் எழுதினார்கள்.

சட்டப் பிரிவு கிடக்கட்டும். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு வாயிற்கூட்டம் முடிந்து, தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். ஐம்பதை எட்டிய ஒரு டர்னர் நம்மருகே வந்து அமர்ந்தார். அவர் பேசியதை அப்படியே தருகிறோம்.

"இருபத்திரண்டு வருஷமா லேத் ஓட்டுறேன் தம்பி. சீவல் நிறம் மாறுறதைப் பார்த்தே சூடு எவ்வளவு ஏறியிருக்குன்னு சொல்லிடுவேன். சத்தத்துலேயே டூல் முனை மழுங்கினது தெரிஞ்சிடும். போன வருஷம் சி.என்.சி. மெஷின் இறக்கினாங்க. நானும் கத்துக்கிறேன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமையில வெளியே போயி, உங்க காசுல கத்துக்கிட்டு வாங்கன்னுட்டாங்க. வாரம் ஆறு நாள் மிஷின் முன்னாடி நிக்கிறவன், ஏழாவது நாள் எங்கே தம்பி போவான்?"

"அப்புறம் யார் அண்ணே அந்த மெஷினை ஓட்டுகிறார்கள்?" என்று கேட்டோம்.

"பயிற்சியாளர்னு ரெண்டு பசங்க. நல்ல பசங்கதான். பாவம், இரும்பையே தொட்டுப் பார்த்ததில்லை."

இந்த உரையாடலிலே முழு நோயும் அடங்கிக் கிடக்கிறது. சி.என்.சி. என்பது என்ன? எங்கே வெட்டவேண்டும், எவ்வளவு ஆழம், என்ன வேகம் என்பதையெல்லாம் எண்களாக எழுதிக் கொடுத்தால், அதன்படி இயங்குகிற கடைசல் இயந்திரம். எண்ணிலே பிழை வந்தால் இயந்திரத்துக்கு இரக்கம் கிடையாது. 50 என்று அடித்துவிட்டு அதன்பின் புள்ளி வைக்க மறந்தால், சில இயந்திரங்கள் அதை 50 மில்லிமீட்டராகக் கொள்ளாது. ஒரு மில்லிமீட்டரிலே இருபதில் ஒரு பங்கு என்று கொள்ளும்! ஒரு புள்ளி தவறினால் டூல் போய்ச் சக்கிலே மோதும். இலட்சக் கணக்கிலே நட்டம். அந்த எண்களைக் கற்க, வரைபடம் படிக்க, டூல் தேயத் தேய அளவைத் திருத்திக் கொடுக்கப் பழகச் சில வாரங்கள் வேண்டும். ஆனால் இரும்பின் குணம் அறிய? அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன அந்த அண்ணனுக்கு! எண்ணை மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தால், அந்தப் பட்டறையிலேயே அவரை விஞ்ச ஆளிருக்காது. சில வாரச் சம்பளத்துக்குக் கணக்குப் பார்த்து, இருபத்திரண்டு ஆண்டு அறிவைக் குப்பையிலே கொட்டுகிறார்கள். இதற்குப் பெயர் நிர்வாகத் திறமையாம்!

அந்த இரண்டு இளைஞர்கள் கதையும் சிறிது கூறவேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர் மட்டுமே என்று 18-ஆவது பிரிவிலே கூறுகிறது. கற்க வருகிறவனைப் பாதுகாக்க வந்த சட்டந்தான் அது. நடப்பதென்ன? பயிற்சி என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னே முழு ஷிப்ட் உற்பத்தி நடக்கிறது. ஊதியம் இல்லை, உதவித்தொகை. சங்கம் இல்லை, சான்றிதழ். காலம் முடிந்ததும் அவனை அனுப்பிவிட்டு, அடுத்த பயிற்சியாளனை அழைக்கிறார்கள். மூத்தவருக்கு வேலை உண்டு, பயிற்சி இல்லை. இளையவனுக்குப் பயிற்சி என்ற பெயர் உண்டு, வேலை இல்லை.

நம் மாநிலத்திலே 2022-ல் மாணவருக்கென்று 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாய்ச் செலவிலே புதுப்பிக்கும் பணி எடுக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் அவை பெரிதும் பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கானவை. ஷிப்டிலே நிற்கிற ஐம்பது வயதுக்காரருக்கு அங்கே நாற்காலி எது? அவருக்குத் தேவை புதுக் கட்டடமல்ல, நேரம்! அந்த நேரத்தின் மேலும் கண் வைத்தார்களே! 12 மணி நேர வேலைக்கு வழி திறந்த சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலிலே நமது சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழவே, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. 12 மணி நேரம் நின்றவன் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தையா விரிப்பான்? பாயைத்தான் விரிப்பான். பெண் தோழர்களின் நிலை அதனினும் கொடிது. திருப்பூரிலே பனியன் தைத்துவிட்டு வீடு திரும்புகிற சகோதரிக்கு அடுப்படியிலே அடுத்த ஷிப்ட் காத்திருக்கிறது. மாலை வகுப்பு என்று அவருக்கு அழைப்பு அனுப்புவது கேலியன்றி வேறென்ன?

வேலை நேரத்திலே, ஊதியத்தோடு கற்பது என்பது பகற்கனவு என்பார்கள் சிலர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974-லேயே 140-ஆவது உடன்படிக்கையை வகுத்தது: கல்விக்காக ஊதியத்தோடு கூடிய விடுப்பு! வேலைக்கான பயிற்சிக்கு மட்டுமல்ல, பொதுக் கல்விக்கும் தொழிற்சங்கக் கல்விக்குங்கூட. அடுத்த ஆண்டே 142-ஆவது உடன்படிக்கை. அது நாடுகள் பயிற்சிக் கொள்கை வகுக்கவேண்டும் என்பது. இந்தியா 142-ஐ 2009-ல் ஏற்றுக்கொண்டது, 140-ஐ ஏற்கவில்லை. கொள்கை பேசுகிற தாளிலே கையொப்பம். காசு கேட்கிற தாளிலே மௌனம்!

ஜெர்மனியிலே பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு 5 நாள் கல்வி விடுப்பு, ஊதியத்தோடு, சட்டப்படி உண்டு. பிரான்சிலே 1971-ல் சட்டம் செய்து, தொழிலாளர் பயிற்சிக்கென்று முதலாளிகள் ஊதியச் செலவிலே ஒரு பங்கு ஒதுக்கவேண்டும் என்றாக்கினார்கள். இன்று அங்கே ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் ஒரு பயிற்சிக் கணக்கு. முழு நேர வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 500 யூரோ சேரும். குறைந்த படிப்புள்ளவருக்கு 800. வேலை மாறினாலும் கணக்கு அவரோடு போகும். அதிலும் கைவைத்தார்கள், 2024 முதல் பயிற்சிக்கு 100 யூரோ தொழிலாளியும் கட்டவேண்டும் என்றார்கள். சிங்கப்பூரிலே 40 வயதைத் தொட்ட குடிமக்களுக்கு 2024-ல் 4,000 வெள்ளி பயிற்சிக்கென்றே வழங்கினார்கள். குறிப்பிட்ட முழுநேரப் படிப்புகளில் சேர்ந்தால், 2025 முதல் பழைய வருமானத்திலே பாதியை, மாதம் 3,000 வெள்ளி வரை, உதவியாகத் தருகிறார்கள். ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும்! இங்கிருந்து போய் அங்கே சாரத்தில் ஏறிக் கட்டடம் எழுப்புகிற நம் தோழருக்கு அந்த வெள்ளியிலே ஒரு காசும் கிடையாது.

பிறரை ஏசியது போதும். நம் பக்கமும் திரும்புவோம். டர்னர் அண்ணன் இருக்கிற சங்கத்தின் பொறுப்பாளர்களைப் பார்த்து, வருகிற ஊதியப் பேச்சுக்கான கோரிக்கைத் தாளைக் கேட்டு வாங்கினோம். 27 கோரிக்கைகள். அடிப்படை ஊதியம், பஞ்சப்படி, தீபாவளி போனஸ், செருப்பு, சீருடை, கான்டீன் பலகாரம் வரை வரிசையாக இருந்தன. எல்லாம் நியாயமானவை. பயிற்சி என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. "ஏன் தோழர் இல்லை?" என்றோம். "அது நிர்வாகத்தின் வேலையாயிற்றே!" என்றார் செயலாளர், சற்றும் கூசாமல். 12(3) ஒப்பந்தம் என்று நாம் பழகிப்போன அந்தப் பழைய ஒப்பந்தங்களைப் புரட்டினோம். இருபது ஆண்டுத் தாள்களிலும் அதே நிலை. புது இயந்திரம் வந்தால் வேலை போகும் என்று மேடையிலே முழங்கிய நாம், அதை ஓட்டக் கற்றுக்கொடு என்று தாளிலே எழுதவில்லை! கற்றுக்கொடுக்கக் கூப்பிட்டபோதும், "இந்த வயதிலே நமக்கென்ன புதுப் படிப்பு?" என்று ஒதுங்கிய மூத்த தோழர்களையும் நாம் அறிவோம். அவர்களை நாம் தட்டிக் கேட்டதுமில்லை.

அன்று இரவே, சங்க அலுவலகத்திலே 28-ஆவது கோரிக்கை எழுதப்பட்டது. ஆண்டுக்கு 40 மணி நேரம், ஷிப்டுக்குள்ளேயே, முழு ஊதியத்தோடு பயிற்சி. புது இயந்திரம் எது வந்தாலும், வெளியாளை எடுக்குமுன் அந்தப் பிரிவிலே இருப்பவருக்கு முதலிலே கற்றுத் தரவேண்டும். பயிற்சியாளர் என்ற பெயரிலே ஓராண்டுக்குமேல் உற்பத்தியிலே நிறுத்தினால், நிரந்தரமாக்கவேண்டும். செயலாளர் படித்துக் காட்டினார்.

டர்னர் அண்ணன் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒருமுறை படித்தார். பிறகு பேனாவைக் கேட்டார். 'வயது வரம்பு இல்லை' என்று ஓரத்திலே தம் கையாலேயே எழுதினார். பேச்சு அடுத்த மாதம் தொடங்குகிறது.