பழைய கூபே, புது விலை

"வாகனம் விலை இறங்காது, அது ஒரு முதலீடு."

இந்த வசனத்தைச் சொல்லாத ஆள் எங்கட பக்கத்தில இல்லை. லீசிங் ஏஜென்ட் சொல்லுவார், வாகன புரோக்கர் சொல்லுவார், கனடாவில இருந்து லீவில வந்து நிக்கிற மாமா சொல்லுவார், கலியாண வீட்டுப் பந்தியில பக்கத்தில இருக்கிற பெரியப்பாவும் சொல்லுவார். முதல் வாகன்-ஆருக்கும் அல்டோவுக்கும் சொன்ன வசனம் இது. இப்ப பதினைஞ்சு வருசம் பழசான ஸ்போர்ட்ஸ் கூபேக்கும் அதையே சொல்லுறாங்கள். அடம்பன், உயிலங்குளம், ஆண்டாங்குளம் பெடியளின்ர ஃபோனை வாங்கிப் பாருங்க. பரீட்சைக்கான குறிப்புகளை விட மஸ்டா ஆர்எக்ஸ்-8, ஹொண்டா சிஆர்-இசட், அவுடி டீடி விளம்பரங்கள்தான் கூடச் சேமிச்சு வைச்சிருக்கு. நாங்கள் இந்த வசனத்துக்கு எதிராத்தான் எழுதுறம். காருக்கு எதிரா இல்லை.

ஏன் இதைப் பிரிச்சுச் சொல்லுறமெண்டால், இந்தக் கதை வந்தவுடனே இன்னொரு கூட்டம் மேடையேறும். "இவ்வளவு சாவு கண்ட மண்ணில உங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கேக்குதோ?" எண்டு கேக்கிற கூட்டம். அதில பலபேர் பிராடோவில வந்து இறங்கித்தான் இதைக் கேப்பினம். கஷ்டப்பட்ட சனத்துக்கு அழகான பொருளில ஆசை வரக்கூடாது எண்டது எந்த ஊர் நியாயம்? ஆர்எக்ஸ்-8 ஐ எங்களுக்கும் பிடிக்கும். மேலயும் கீழயும் அடிக்கிற பிஸ்டன் அதில இல்லை. முக்கோண வடிவ ரோட்டர் ரெண்டு சுழலுது. இப்படியான எஞ்சினோட மஸ்டா 1991 இல லெ மான் 24 மணிநேரப் போட்டியையே வென்றது. முன்கதவைத் திறந்தால்தான் திறக்கிற, ஒளிச்சு வைச்ச மாதிரி ரெண்டு குட்டிப் பின்கதவு. சுற்று 9,000 வரை ஏறேக்க வாற சத்தம். இதை ரசிக்கிறது குற்றமெண்டால் நாங்களும் குற்றவாளிகள்தான்.

ஆனால் ரசிக்கிறது வேற, வாங்குறது வேற. வாங்குறது கணக்கு.

மாமா ரொறன்ரோவில பழைய பி.எம்.டபிள்யூ கூபே ஒண்டு வாங்கி, பனிக்குள்ள நிண்டு படம் எடுத்து அனுப்புறார். அவருக்கு அது ஒரு அளவு புத்தியான வேலையாக்கூட இருக்கலாம். அங்க சொகுசுக் கார் ஒண்டு கடையை விட்டு வெளிய வந்த நாளில இருந்தே விலை சரியத் தொடங்கும். சில வருசத்தில பாதிக்கும் கீழ. முதல் சொந்தக்காரர் அந்த நட்டத்தை விழுங்கிப்போடுவார், ரெண்டாவது ஆள் மிச்ச விலைக்கு ஏறி ஓடுவார். பாவிச்ச சொகுசுக் கார் வாங்குறதுக்கு உலகத்தில இருக்கிற ஒரே பொருளாதார நியாயம் இதுதான். அதுக்குள்ளயும் ஒரு பொறி இருக்கு. காரின்ர விலை இறங்கினாலும் அதின்ர பாகங்களின்ர விலை இறங்காது. பிறேக் டிஸ்க் ஒண்டு, ஹெட்லைற் ஒண்டு, கியர்பொக்ஸ் கணினி ஒண்டு இண்டைக்கும் அந்தப் பெரிய காரின்ர விலையிலதான் வரும். அங்க பழைய சொகுசுக் கார் மலிவாக் கிடைக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்ப இலங்கைக்கு வாங்க. இங்க அந்த ஒரே நியாயமும் இல்லை. விலை சரியாது, ஆனால் கார் பழசாகும். பாகமும் விலை. அதாவது ரொறன்ரோ மாமாவுக்குக் கிடைச்ச இலாபம் எங்களுக்கு இல்லை, அவருக்கு வந்த தலையிடி மட்டும் முழுசா இருக்கு. படம் வாட்ஸப்பில வந்திட்டுது, விலை அங்கயே நிண்டிட்டுது.

இந்தக் கார்கள் எப்படி இங்க வந்ததெண்டு பாத்தாலே பாதி விளங்கும். இங்க இறக்குமதி வரி பெரும்பாலும் எஞ்சினின்ர கொள்ளளவைப் பாத்துத்தான் கணக்கிடப்படுது. ஆர்எக்ஸ்-8 இன்ர ரோட்டரி எஞ்சின் தாளில 1,308 சீசீ. ஒரு சாதாரண குடும்பக் காரின்ர அளவு. குடிக்கிற பெற்றோலைப் பாத்தால் அது அந்த வகுப்பில இருக்கிற வாகனமே இல்லை. சிஆர்-இசட், ஹைபிரிட் எண்ட பெயரில வரி குறைஞ்ச காலத்தில வந்தது. ஆக, அரசாங்கத்தின்ர வரிப் பட்டியலில இருந்த ஓட்டைக்குள்ளால வந்த வாகனங்களை நாங்கள் 'ரேஸ்ட்' எண்டு நினைச்சுக் கொண்டிருக்கிறம். 2012 இலயே ஆர்எக்ஸ்-8 செய்யிறதை மஸ்டா நிப்பாட்டிப்போட்டுது. அடுத்ததை ஹொண்டா 2016 இல நிப்பாட்டினது. 2025 இல இறக்குமதி திரும்பத் திறந்தாலும், மூண்டு வருசத்துக்கு மேல பழசான காரைக் கொண்டுவர ஏலாது. அதால நாட்டுக்குள்ள இருக்கிற அதே காரைத்தான் கையில இருந்து கைக்கு மாத்தி மாத்தி வித்துக் கொண்டிருக்கிறம். ஒவ்வொரு கையிலயும் ஒரு 'முதலீடு'.

"இல்லையடா, 2020 இல வாங்கினவன் 2023 இல கூட வித்தவன்தானே?" எண்டு கேப்பியள். வித்தவன்தான். ஏனெண்டும் பாப்பம். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டிச்சினம். 2025 பெப்ரவரி வரைக்கும், கிட்டத்தட்ட அஞ்சு வருசம், தனியார் கார் வழமை மாதிரி உள்ள வரேல்லை. அதுக்கிடையில 2022 மார்ச்சில ஏறக்குறைய 200 ரூபாயா இருந்த டொலர், மே மாதத்தில 360 ஐத் தொட்டிட்டுது. கார் ஏறேல்லை, ரூபாய்தான் இறங்கினது. அம்பது இலட்சத்துக்கு வாங்கி எழுபதுக்கு வித்த அண்ணர், டொலரில எண்ணிப் பாத்தால் நட்டப்பட்டுத்தான் இருக்கிறார். அதை அவரிட்டச் சொல்லிப் பாருங்க, சண்டைக்கு வருவார். தட்டுப்பாட்டால வந்த விலை, தட்டுப்பாடு இருக்குமட்டும்தான் நிக்கும். இப்ப துறைமுகம் திறந்திருக்கு. புது வாகனம் வருது. "இறங்காது" எண்ட வசனத்தை நம்பிக் கடைசியா வாங்குறவன்ர தலையிலதான் அது இறங்கும். அந்தக் கடைசி ஆள் எங்கட வயசுக்காரன். அவனைத்தான் தேடித் திரியிறாங்கள்.

எங்கட ஊர்க் கணக்குக்கு வாறம். அடம்பன் நெல்லு ஊர். அருவி ஆற்றுத் தண்ணியைத் தேக்கத்தில மறிச்சு, கட்டுக்கரைக்குளத்துக்குக் கொண்டுவந்து, அதில இருந்து வயலுக்கு விடுறது. இதில எல்லாருக்கும் பாடம் இருக்கு, ஆனால் காரோட சேத்து ஒருத்தரும் கணக்குப் பாக்கிறேல்லை. 2025 பெப்ரவரியில அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் எண்டு விலை வைச்சது, அதுவும் ஈரப்பதன் 14 வீதத்துக்குள்ள இருந்தால். லீசிங் கட்டுக்காசு மாதம் ஒரு இலட்சம் எண்டு வைப்பம். ஒரு மாதக் கட்டுக்கு 833 கிலோ நெல்லு. அஞ்சு வருசத்துக்கு அறுபது கட்டு. அறுபது இலட்சம் ரூபாய், அம்பது தொன் நெல்லு. ஏக்கருக்கு ரெண்டு தொன் வந்தால் நல்ல போகம் எண்டு சந்தோசப்படுற ஆக்கள் நாங்கள். அஞ்சேக்கர் வைச்சிருக்கிற ஒரு குடும்பம் அஞ்சு பெரும்போகத்திலயும் வெட்டினது முழுக்க, உழவுக்கூலி, பசளை, எண்ணெய், வெட்டுமெசின் ஒண்டுக்கும் ஒரு சதம் குடுக்காமல், ஒரு பிடி சோறும் தின்னாமல், அப்படியே தூக்கிக் குடுத்தால்தான் அந்தக் கட்டு முடியும். கையால குடுத்த முற்பணம், முழுக் காப்புறுதி, ரயர், பெற்றோல் இதில இல்லை. வெள்ளமும் இந்தக் கணக்கில வரேல்லை.

"வெளிநாட்டுக் காசு வருதுதானே" எண்டு சொல்லுறவைக்கு: வரட்டும். அந்தக் காசு எதோட சேர்ந்து போகுதெண்டதுதான் பிரச்சினை. மாமா முற்பணத்தைப் போடுவார், கட்டுக்காசு இங்க இருக்கிற அப்பாவின்ர தலையில விழும். ரெண்டு கட்டுப் பிந்தினால் காணி உறுதி அடகுக்குப் போகும். இந்த உறுதியளின்ர கதை எங்களுக்குத் தெரியும். 2008 மே மாதம் படையினர் அடம்பனைப் பிடிச்ச நேரம் சனம் முதலே வெளிக்கிட்டிட்டுது. உழவு இயந்திரப் பெட்டியில அம்மம்மா, நெல்லு மூடை, தகரம், அதுக்கு மேல உறுதிப் பெட்டி. வன்னி முழுக்க அலைஞ்சு, முகாமில இருந்து, திரும்பி வந்து, பத்தை வெட்டி, வரம்பு தேடிக் கண்டுபிடிச்ச காணி அது. உழவு இயந்திரத்தைப் பலர் முள்ளிவாய்க்காலோட விட்டிட்டு வந்தினம், உறுதியை விடேல்லை. இப்ப அதை ஒரு சிவப்புக் கூபேக்காக மேசையில வைக்கிறம். அதோட, லீசிங்கில எடுத்த காரின்ர பதிவுப் புத்தகத்தைத் திறந்து பாருங்க. 'முழு உரிமையாளர்' எண்ட இடத்தில கொம்பனியின்ர பேர் இருக்கும். காணி எங்கட பேரில இருந்து போகுது, கார் எங்கட பேருக்கு வரேல்லை.

சரி, வாங்கியாச்சு. எங்க ஓடுறது? வட மாகாணத்தில ஒரு அதிவேகப் பாதையும் இல்லை. ஊர் மனைக்கு வெளிய காருக்குச் சட்டப்படி வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். ஆர்எக்ஸ்-8 ரெண்டாவது கியரிலயே அதைத் தாண்டிப்போடும். மிச்சக் கியருக்கும் சேத்துத்தானே காசு குடுத்தனியள்? ஏ-32 நேரா, நல்லாத்தான் இருக்கு, அதுதான் பயம். மாடு குறுக்க வாறதுக்கு நேரகாலம் இல்லை. பாலம் தாண்டி மன்னார் தீவுக்குப் போனால் கழுதையள் நடுறோட்டில நிண்டு யோசிக்கும். ஒழுங்கைக்குள்ள திரும்பினால் காரின்ர வயிறு கிறவலில உரசும். மடுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோட போறதெண்டால் சிஆர்-இசட்டில அம்மம்மாவை எங்க வைக்கிறது? அந்தப் பின்சீற்றில அவவின்ர வெத்திலைப் பையைத்தான் வைக்கலாம்.

2022 ஐயும் ஒருக்கா நினைச்சுப் பாருங்க. கியூஆர் வந்த ஆவணி மாதத்தில கிழமைக்கு மோட்டார்சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20, உழவு இயந்திரம் மாதிரியான காணி வாகனத்துக்கு 15. சோறு தாற வாகனத்தை விடப் படம் எடுக்கிற வாகனத்துக்குக் கூட. அந்தப் பட்டியலைப் போட்டவைக்கும், காரை வைச்சு மனிசனை அளக்கிற எங்கட சனத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒண்டும் இல்லை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு மன்னாரில இருந்து ஊருக்கு வர பஸ்ஸுக்கு நிண்டு பாத்தவைக்குத் தெரியும், எங்களுக்குத் தேவையான வாகனம் எதெண்டு. அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுத ஆள் இல்லை. சீதனப் பேச்சில "மாப்பிள்ளைக்குக் கார் இருக்கோ" எண்டு கேக்க மட்டும் முழு ஊரும் வரும்.

பழுதானால்? எங்கட கராஜ்காரரைக் குறைச்சுச் சொல்லேல்லை. லாண்ட்மாஸ்டர் எஞ்சினைச் சத்தத்திலயே பிடிச்சுத் திருத்துற கையள் இங்க இருக்கு. ஆனால் ரோட்டரி வேற உலகம். அது ஓயிலைத் தானே எரிக்கும், பழுதால இல்லை, வடிவமைப்பே அப்படி. ரோட்டரின்ர முனையில இருக்கிற சீல் காயாமல் இருக்க எரியறைக்குள்ளயே ஓயில் விடுறது. அதால ரெண்டு தரம் பெற்றோல் அடிச்சால் ஒருதரம் ஓயில் மட்டம் பாக்க வேணும். குளிரா இருக்கேக்க ஸ்டார்ட் பண்ணி, ஒழுங்கைக்க இருந்து முத்தத்துக்கு எடுத்து விட்டிட்டு உடன நிப்பாட்டினால் பெற்றோல் தேங்கி, அடுத்தமுறை ஸ்டார்ட் எடுக்காது. முனைச் சீல் தேய்ஞ்சுதெண்டால் எஞ்சினை முழுசாக் கழட்டவேணும். பாகத்துக்குக் கொழும்பு, பஞ்சிகாவத்தை, இங்க இருந்து முன்னூறு கிலோமீற்றர் அளவு. சிஆர்-இசட்டெண்டால் ஹைபிரிட் பற்றரி, எங்கட வெயிலில. காரைக் கடற்கரைப் பக்கம் விடுறவைக்கு உப்புக்காத்துக் கறளும் இலவசம்.

இவ்வளவும் வாசிச்ச பிறகும் வாங்கத்தான் போறன் எண்டு நிக்கிற ஆளுக்கு, சண்டை பிடிக்காமல் சில விசயம் சொல்லுறம். இலக்கத்தகட்டு எழுத்து, கார் இங்க பதிஞ்ச காலத்தைத்தான் சொல்லும், செய்த வருசத்தைச் சொல்லாது. அதுக்குச் சசி இலக்கம் பாக்கவேணும். யப்பான் ஏலத் தாளைக் கேளுங்க. தரம் 'ஆர்' எண்டு இருந்தால் அது அடிபட்டுத் திருத்தின கார். மீற்றர் சுத்துறது எங்கட நாட்டில சிகை வெட்டுற மாதிரி ஒரு தொழில், கிலோமீற்றரை நம்பாதேங்க, சீற்றையும் பெடலையும் ஸ்டியரிங் தோலையும் பாருங்க. ஆர்எக்ஸ்-8 எண்டால் கொம்பிரஷன் பரிசோதனை செய்யாமல் முற்பணம் குடுக்காதேங்க. சாதாரணக் கருவி சரிவராது, ரோட்டரின்ர மூண்டு பக்கத்தையும் வேற வேறயாக் காட்டுற ரோட்டரிக் கருவிதான் வேணும். "எஞ்சின் சூடாக்கித்தான் வைச்சிருக்கிறன்" எண்டு விக்கிறவர் சொன்னால், ஆறவிட்டு, ரெண்டு மணித்தியாலம் கழிச்சு நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

"ஓப்பன் பேப்பர்" எண்டு சொன்னால் எழும்பி வாங்க. பேர் மாத்தாத கார் மூண்டு நாலு கை தாண்டி வந்திருக்கும், கையெழுத்து வைச்ச முதல் ஆள் எங்க எண்டே தெரியாது. முதல்ல மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில சொந்தக்காரர் ஆர், லீசிங் பாக்கி இருக்கோ எண்டு எடுத்துப் பாருங்க. அது வந்து சேருமட்டும் காணி உறுதி வீட்டு அலுமாரியிலயே இருக்கட்டும்.