ஷட்ஜம் இடம் பெயரும்போது

ஜாஸ் இசையும் நம் சங்கீதமும் ஒரே மேடையில் அமரும் கச்சேரிகளைப் பற்றி ரஸிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து வாதாடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சம்பிரதாயம் கெட்டது என்று ஒரு சாராரும், நாதத்துக்கு எல்லை ஏது என்று மறு சாராரும் மாறி மாறி முழங்கும் அந்த வாதத்தில், அக்கச்சேரியில் உண்மையில் யார் யாரிடம் எதைக் கற்றுக்கொண்டார் என்ற கேள்வி மட்டும் எழுவதேயில்லை. என் அபிப்பிராயத்தில் கேட்கத்தக்க கேள்வி அது ஒன்றுதான். அதற்குக் கிடைக்கும் விடையோ நமக்கு அவ்வளவு கௌரவம் தருவதாக இல்லை.

ஜான் மெக்லாஃப்லினை எடுத்துக்கொள்வோம். மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்துப் பெயர் பெற்று, பிறகு மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற தம் சொந்தக் குழுவில் காதைப் பிளக்கும் மின்கிதாரால் பெருங்கீர்த்தி அடைந்திருந்த அந்த ஆங்கிலேயர், அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை கற்றார். எல். சங்கரின் வயலின், ஜாகிர் ஹுஸேனின் தபலா, விக்கு விநாயகராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம் ஆகியவற்றோடு அவர் அமைத்த 'சக்தி' என்னும் குழுவின் முதல் இசைத்தட்டு, 1975-ல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் நடந்த ஒரு கச்சேரியில் பதிவானது. அதில் அவர் கையிலிருந்த வாத்தியத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். வீணையில் மெட்டின்மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதைப் போலத் தட்டையான கிதார்ப் பலகையில் தாராளமாகப் பிடிக்க முடியாதென்று கண்டு, மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழித்தெடுத்து, வழக்கமான ஆறு தந்திகளுக்குக் குறுக்கே ஏழு அநுரணனத் தந்திகளைச் சாய்வாகப் பூட்டி, புதியதொரு கிதாரையே அவர் செய்வித்துக்கொண்டார். ஆனால் அவர் செய்த பெரிய தியாகம் வாத்தியத்தில் இல்லை. ஜாஸின் உயிர்நிலையான ஹார்மனியைப் பெரும்பாலும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாரே, அதில்தான் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நம் நிரவலில் சாகித்யத்தின் ஒரு வரி நிலையாக நிற்க, சங்கீதம் அதைச் சுற்றிப் படர்கிறது. ஜாஸ் கலைஞர் ஒரு பழைய பாட்டை எடுத்து மனோதர்மம் பண்ணும்போது, சொல்லும் மெட்டும் உதிர்ந்துபோக, அப்பாட்டின் அடியில் ஓடும் ஸ்வரக்கூட்டுகளின் வரிசை, அதாவது அவர்கள் 'கார்டு' என்று சொல்வது, மட்டும் எலும்புக்கூடாக நிற்கிறது. பெரும்பாலும் 32 தாள அலகுகளில் முடிந்து மறுபடி தொடங்கும் அந்த வரிசை நம் ஆவர்த்தனத்தைப் போலச் சுழன்றுகொண்டே இருக்க, ஒவ்வொரு அலகிலும் காலடியில் தரை மாறுவதை உணர்ந்து, அடுத்த தரைக்குப் பொருந்தும் ஸ்வரத்தில் தவறாமல் வந்து இறங்குவதே அவர்களுடைய வித்வத். அசையாத ஆதார ஷட்ஜத்தின்மேல், ஒரே ராகத்தின் அங்கங்களை மணிக்கணக்கில் திறந்து காட்டுவது நம்முடைய வித்வத். இரண்டும் மனோதர்மம்தான், ஆனால் ஒன்றைப் பழகியவருக்கு மற்றொன்று தானாகவே வந்துவிடும் என்பது பிரமை.

மெக்லாஃப்லினுக்கு இது தெரிந்திருந்தது. சார்லி மரியானோ என்ற சாக்ஸபோன் கலைஞருக்கும் தெரிந்திருந்தது. ஊதுவதற்கு அத்தனை கடினமான நம் நாகஸ்வரத்தையே அவர் கற்றுக்கொண்டு, ஐரோப்பிய ஜாஸ் இசைத்தட்டுகளில் வாசித்தார். பதிலுக்கு நாம் என்ன செய்தோம்? கத்ரி கோபால்நாத்தைச் சொல்வார்கள். சாக்ஸபோனைக் கமகத்துக்குப் பணிய வைத்த அந்த மகாவித்வானின் சாதனைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆயினும் அவர் வாங்கிக்கொண்டது பாத்திரத்தை மாத்திரமே, அதிலிருந்த பண்டத்தை அல்ல. பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்தில் வயலின் நமக்கு வந்ததும் இப்படித்தான்.

வழக்கமாக நடப்பது வேறு. நம் வித்வான் தம் ஆசனத்தில் தம் சுருதியோடு அமர்ந்திருக்கிறார். வெளிநாட்டு விருந்தாளி தாமாகவே அந்தச் சுருதிக்கு இறங்கி வருகிறார். இருவரும் ஏதோ ஒரு ஜன்ய ராகத்தில் சற்று நேரம் உலாவிவிட்டு, லயத்தில் சந்தித்து, மாறி மாறி எறிந்த ஸ்வரக்கோப்புகள் ஒரு பெரிய கோர்வையில் முடிய, கரகோஷம் எழுகிறது. கணக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவென்பதால் அந்தச் சந்திப்பு சுலபம். அங்கும்கூட ஜாஸின் 'ஸ்விங்' என்னும் சாய்ந்த நடையை, திஸ்ரத்திலும் சேராமல் சதுஸ்ரத்திலும் சேராமல் இடையில் ஊஞ்சலாடும் அந்த நடையை, நம் சொற்கட்டுக்குள் கொண்டுவர மெனக்கெட்டவர்கள் அபூர்வம்.

விதிவிலக்குகள் உண்டு. கர்நாடக சங்கீதத்தைக் கிதாரில் வாசிக்கும் பிரசன்னா பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர்; அவரும், அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் வம்சாவளியினரான பியானோ கலைஞர் விஜய் ஐயரும், தபலாவில் நிதின் மித்தாவும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட 'தீர்த்தா' இசைத்தட்டில் யாரும் யாருக்கும் விருந்தாளியாகத் தோன்றவில்லை. ஆனால் விதிவிலக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அயல்நாட்டு மேடைகளில் இத்தகைய கச்சேரிகள் பல செய்து திரும்பிய வயலின் வித்வான் ஒருவர் எனக்கு நெடுநாள் சிநேகிதர். ஜாஸில் பெரிதாக என்ன இருக்கிறது, கேட்டதில் பாதி கரஹரப்ரியாதானே என்று அவர் ஒரு மாலை சொன்னபோது, மைல்ஸ் டேவிஸ் 1959-ல் பதிவு செய்த 'ஸோ வாட்' என்பதை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கரஹரப்ரியாவின் ஸ்வரங்களேதான். பக்கத்தில் தம்புராப் பெட்டியையும் அதே சுருதியில் ஓடவிட்டு, திருப்தியோடு தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். 16 அலகுகள் முடிந்ததும், ஸ்வரஸ்தானங்கள் அப்படியே இருக்க ஷட்ஜம் மட்டும் மாறும் நம் கிரகபேதத்தைப் போல் அல்லாமல், ராகம், ஷட்ஜம் எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறி அமர, அவர் முகம் சுளித்தது. "சுருதி விலகிவிட்டதே" என்றார். எட்டு அலகுகள் கழித்து அது பழைய இடத்துக்கு இறங்கியது. அடுத்த சுற்றிலும் ஏறிற்று, இறங்கிற்று. மூன்றாம் சுற்று தொடங்குமுன் அவர் கையை நீட்டித் தம்புராப் பெட்டியை நிறுத்திவிட்டு, "முதலிலிருந்து போடுங்கள், எண்ணிப் பார்க்கிறேன்" என்றார்.