அல்வா மட்டும்தானா நெல்லை?

திருநெல்வேலிக்கு வரும் வெளியூர்க்காரர்களின் டூர் ப்ளான் பெரும்பாலும் ஒன்றுதான். இருட்டுக்கடை வரிசை, குற்றாலக் குளியல், நடுவில் அவசரமாய் நெல்லையப்பர் கோயில். அங்கே போய் இசைத்தூண்களை விரலால், சாவியால், காசால் 'டிங் டிங்' என்று தட்டுகிறார்கள். ஒரே கல்லில் பெரிய தூணைச் சுற்றிச் செதுக்கிய சின்னத் தூண்கள் அவை. கல்லே அதிர்ந்துதான் ஒலிக்கிறது. விரிசல் விட்டால் சுரம் போச்சு. கழற்றி மாற்ற அது என்ன செல்போன் பேனலா?

சரி, தூணை விடுங்க. காருகுறிச்சி எங்கே என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? தென்காசி ரயிலில் சேரன்மகாதேவி தாண்டினால் வரும் ஸ்டேஷன். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் அருணாசலம் (1921-1964) அந்த ஊர்க்காரர். 1962ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகி குரலோடு மல்லுக்கு நின்றதே, அந்த நாகஸ்வரம் அவருடையது. ரிங்டோன் வைக்கத் தெரிகிறது, ஊர் தெரியவில்லை!

உள்ளூர்க்காரர்கள் மட்டும் யோக்கியமா? லட்சக்கணக்கில் கொட்டிக் கல்யாண மண்டபம் பிடிப்பார்கள், நாகஸ்வரக்காரரிடம் ஐநூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள். தாலி ஏறிய கையோடு டிஜே. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடந்தால் முன்வரிசையில் நாலு பாட்டிகள்... ஆனால் 'பாரம்பரியம் அழியுது' என்ற ஃபார்வர்டு மட்டும் தினமும் காலையில் தவறாமல் வந்துவிடும்.