பேனாவுக்கு எதுக்குங்க சார்ஜர்?

எழுதிக்கிட்டு இருக்கும்போது பேனா நின்னு போச்சுன்னா என்ன செய்வோம்? உதறுவோம், ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு உருட்டுவோம், அப்புறம் தெருமுனைக் கடைல ஒரு ரீஃபில் வாங்கி மாட்டுவோம். அவ்வளவுதான். டேப்லெட்ல எழுதுற பேனாவுக்கு, அதாங்க ஸ்டைலஸுக்கு, இந்தச் சுலபம் கிடையாது. அதுக்கு சார்ஜ் போடணும். எப்படிப் போடுறதுங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் ஒரு தனிக் கூத்து.

என்னோட கட்சி இதுதான். ஸ்டைலஸ் வாங்கும்போது "எத்தனை லெவல் அழுத்தம் தெரியும், எத்தனை பட்டன்"னு கேட்கிறதுக்கு முன்னாடி, "இதுக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது? உள்ளே இருக்கிற பேட்டரி செத்தா என்ன பண்றது?"னு கேட்கணும். பேனாவோட ஆயுசு அந்த பதில்லதான் இருக்கு.

முதல்ல ஆப்பிளை எடுத்துக்குவோம். 2015-ல் முதல் ஆப்பிள் பென்சில் வந்தது. பின்பக்க மூடியைக் கழட்டினா ஒரு லைட்னிங் முனை. அதை ஐபேடுல செருகணும். ஐபேடுக்கு வால் முளைச்ச மாதிரி இருக்கும். யாராவது தெரியாம இடிச்சா முனை என்னாகுமோன்னு பக் பக்னு இருக்கும். (பதினஞ்சு வினாடி சார்ஜ் போட்டா அரை மணி நேரம் எழுதலாம் என்பது நல்ல விஷயம், அதையும் சொல்லிடணும்.) 2018-ல் ரெண்டாவது பென்சில். ஐபேடோட ஓரத்தில் காந்தத்தால் ஒட்டிக்கிட்டு அப்படியே சார்ஜ் ஆகும். அருமையான ஏற்பாடு.

அதோட விட்டாங்களா? 2022-ல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடுக்கு யுஎஸ்பி-சி ஓட்டை வெச்சுட்டு, பென்சில் மட்டும் பழைய லைட்னிங் பென்சில்தான்னு சொன்னாங்க. ரெண்டையும் சேர்க்க நடுவுல ஒரு குட்டி அடாப்டர், அதுக்கு மேல ஒரு கேபிள். 2023-ல் யுஎஸ்பி-சி பென்சில் வந்தது. அது ஐபேடு ஓரத்தில் காந்தத்தில் ஒட்டும், ஆனா சார்ஜ் ஆகாது! கேபிள்தான் மாட்டணும். 2024-ல் பென்சில் ப்ரோ. அந்த வருஷம் வந்த எம்4 ஐபேடு ப்ரோவில் முன்பக்க கேமரா நீளமான ஓரத்துக்குப் போனதால, காந்தமும் சார்ஜ் ஏற்பாடும் மாறிப்போச்சு. விளைவு, 2018 பென்சில் அதுல வேலை செய்யாது. எழுதுற முனை நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு, ஆனா சார்ஜ் போடுற இடம் மாறிட்டதால புதுசா வாங்கணும். இதெல்லாம் அநியாயமா இல்லையா?

மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் சுவாரசியம். 2013-ல் வந்த முதல் சர்ஃபேஸ் ப்ரோவுக்கு பேட்டரியே இல்லாத பேனா கொடுத்தாங்க. 2014-ல் சர்ஃபேஸ் ப்ரோ 3 வந்தப்போ வேற தொழில்நுட்பத்துக்கு மாறி, உள்ளே ஏஏஏஏ பேட்டரி போடுற பேனா ஆச்சு. ஆமாங்க, நாலு ஏ. ரிமோட்டுக்குப் போடுற மூணு ஏ பேட்டரியை விட ஒல்லி. மளிகைக் கடைல கேட்டா ஒரு மாதிரி பார்ப்பாங்க. ஆனாலும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். பேட்டரி தீர்ந்தா புதுசு மாத்திக்கலாம், பேனா சாகாது. 2019-ல் ஸ்லிம் பென் வந்ததும் கீபோர்டுல ஒரு பள்ளம் தோண்டி அதுல படுக்க வெச்சு சார்ஜ் போடச் சொல்லிட்டாங்க. பார்க்க அழகு. உள்ளே இருக்கிற பேட்டரியை மட்டும் நாம மாத்த முடியாது.

சரி, அந்த பேட்டரி இல்லாத பேனா எப்படி எழுதுது? ஜப்பானோட வாகாம் கம்பெனி ரொம்ப காலமா செய்யுற வித்தை அது. திரைக்குப் பின்னாடி கம்பிச் சுருள்கள் கொண்ட ஒரு பலகை இருக்கும். அது ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள்ள ஒரு சின்ன சுருளும் ஒரு கெபாசிட்டரும். பேனா பக்கத்துல வந்ததும் அந்தப் புலத்துலேர்ந்தே கொஞ்சம் சக்தியை வாங்கி, திருப்பி ஒரு சிக்னல் அனுப்பும். அழுத்தி எழுதினா அந்த சிக்னல் மாறும். இதுக்குப் பேர் ஈஎம்ஆர். சார்ஜே வேண்டாம். பத்து வருஷம் மேஜை டிராயர்ல கிடந்தாலும் எடுத்து எழுதலாம்.

சாம்சங் எஸ் பென் இந்த வகைதான். 2018-ல் நோட் 9-ல் ப்ளூடூத் சேர்த்தாங்க. தூரத்துலேர்ந்து போட்டோ எடுக்கிற பட்டனுக்காக மட்டும் அதுக்கு சார்ஜ் வேணும், எழுத வேண்டாம். 2025-ல் எஸ்25 அல்ட்ராவுல அந்த ப்ளூடூத்தையே எடுத்துட்டாங்க. பேனா அப்பவும் ஜம்முன்னு எழுதுது. கிண்டில் ஸ்க்ரைப் பேனாவுக்கும் சார்ஜ் கிடையாது. ரீமார்க்கபிள் 2-க்கும் அப்படித்தான். ஆனா அதே ரீமார்க்கபிள், 2024-ல் வந்த பேப்பர் ப்ரோவுக்கு சார்ஜ் பேனாவுக்கு மாறிட்டாங்க. பழைய மார்க்கர் அதுல எழுதாது. முன்னேற்றம்னு இதைச் சொல்ல எனக்கு மனசு வரலை.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லணும் இல்லையா? ஈஎம்ஆருக்கு திரைக்கடியில் தனியா ஒரு பலகை வேணும். அதனால செலவு, கொஞ்சம் தடிமன். சார்ஜ் பேனாக்கள் விரலைக் கண்டுபிடிக்கிற அதே தொடுதிரையைப் பயன்படுத்திக்கும். பேனாவே சிக்னலை உருவாக்கி அனுப்பணும், அதுக்குத்தான் பேட்டரி. டேப்லெட்ல மிச்சம் பிடிக்கிற செலவை நம்ம பேனா தலையில கட்டுறாங்கன்னு நான் பார்க்கிறேன்.

ஏன்னா, பேனாவுக்குள்ள இருக்கிற லித்தியம் பேட்டரி ரொம்பச் சின்னது. சார்ஜ் சுத்தமா இறங்கி மாசக்கணக்குல அப்படியே கிடந்தா, அப்புறம் சார்ஜே ஏறாமப் போகலாம். தினமும் எழுதுறவருக்குப் பிரச்சனை இல்லை. பரீட்சைக்கு மட்டும் எடுக்கிற மாணவருக்கும், எப்பவாவது படம் வரையிறவருக்கும்தான் அடி. பென்சில் ப்ரோ இந்தியாவுல வந்தப்போ 11,900 ரூபாய். அந்த விலைக்கு ஒட்டி மூடின ஒரு குழாய், திறந்தா உடையும்.

ஐரோப்பாவுல 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், மவுஸ், கீபோர்டு எல்லாத்துக்கும் யுஎஸ்பி-சி கட்டாயம்னு சட்டம் வந்துடுச்சு. பட்டியலைப் பாருங்க, ஸ்டைலஸ் பேர் இல்லை! யாருக்கும் இது ஒரு பொருளாவே தோணலை போல :-)

சட்டம் வரும்வரைக்கும் நம்ம கையில இருக்கிறது இவ்வளவுதான்:

1. முடிஞ்சா சார்ஜ் வேண்டாத பேனா இருக்கிற டேப்லெட்டை வாங்குங்க.

2. இல்லைன்னா பேட்டரி மாத்துற பேனா. நாலு ஏ பேட்டரி ரெண்டு கூடவே வாங்கி வைங்க.

3. அதுவும் இல்லைன்னா நேரா கேபிள் மாட்டுற யுஎஸ்பி-சி பேனா. டேப்லெட் மாத்தினாலும் சார்ஜ் போடவாவது முடியும்.

4. காந்தம் ஒட்டுற பேனா சொகுசுதான். ஆனா அது அந்த டேப்லெட்டுக்குக் கட்டிக்கொடுத்த பொண்ணு மாதிரி, வேற வீட்டுக்குப் போகாது. தடிமனான கேஸ் போட்டிருந்தா ஒட்டுதா, சார்ஜ் ஏறுதான்னு கடையிலேயே பார்த்துடுங்க.

5. எது வெச்சிருந்தாலும், உபயோகிக்கலைன்னாலும், மாசம் ஒரு தடவை சார்ஜ் போடுங்க. பாதி சார்ஜோட டிராயர்ல வைங்க, காலியா வைக்காதீங்க.

டிஸ்கி: கடைக்காரர் "4096 லெவல் சார்"னு ஆரம்பிச்சா, சிரிச்சுக்கிட்டே "பேட்டரி செத்தா?"ன்னு கேட்டுப் பாருங்க. அவர் முகத்துலயே பதில் தெரிஞ்சிடும்.