பழைய கணினி மீது பழி போடாதீர்கள்

“விண்டோசுக்குள்ளே லினக்ஸ் போட்டால் கணினி படுத்துவிடும், அதெல்லாம் புது மெஷின் வைத்திருப்பவர்களுக்கு.” மட்டக்களப்பின் பழுகாமத்தில் உயர்தரத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளிடம் பெரியவர்களே இப்படிச் சொல்கிறார்கள். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் களுவாஞ்சிகுடியில் கேட்டாலும் இதே பேச்சுத்தான். இது தவறு. 2022 இல் ரூபாய் சரிந்த பிறகு புதுக் கணினி எட்டாக்கனியாகிவிட்ட படுவான்கரை வீடுகளில், இந்தத் தவறு பிள்ளையின் படிப்பையே குறுக்கிவிடுகிறது.

இந்தத் தவறு இரண்டு வேறு விடயங்களைக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. பிளேஸ்டேஷன் 2 விளையாட்டைக் கணினியில் ஓட்டி, அது திணறியதைப் பார்த்தவர்கள் பலர். அது எமியூலேட்டர். பிளேஸ்டேஷனின் மிப்ஸ் சிப்புக்கு எழுதிய கட்டளைகள் நமது இன்டெல் சிப்புக்கு விளங்காது. ஒவ்வொன்றையும் மென்பொருள் மாற்றிக் கொடுக்க வேண்டும், நேரம் அங்கேதான் போகிறது. வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் லினக்ஸ் ஓடும்போது அந்த மாற்றுவேலையே இல்லை. கட்டளைகளில் பெரும்பாலானவை நேரே சிப்பில் ஓடுகின்றன. வன்பொருளின் பிடியைக் கேட்கும் சிலவற்றை மட்டுமே மென்பொருள் இடைமறிக்கிறது. இன்டெல் 2005 இலும் ஏஎம்டி 2006 இலும் இதற்கான வசதியைச் சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டன. முதல் தலைமுறைக் கோர் ஐ3 இலும் அது உண்டு.

நம்பாதவர்கள், பப்ரிஸ் பெலார்ட் 2003 இல் வெளியிட்ட கியூஎம்யூ என்ற மென்பொருளை லினக்சில் ஓட்டிப் பார்க்கட்டும். சிப்பின் அந்த வசதியைப் பயன்படுத்தும் லினக்சின் கேவிஎம் இல்லாமல் ஓட்டினால் அது எமியூலேட்டர், கேவிஎம்முடன் ஓட்டினால் மெய்நிகர் இயந்திரம். அதே கணினி, அதே பணிசெயல் முறைமை, வேகம் மட்டும் பல மடங்கு வேறு.

பிறகு ஏன் சிக்கல் வருகிறது? பல கணினிகளில் பயோசில் சிப்பின் அந்த மெய்நிகராக்க வசதி அணைந்தே கிடக்கிறது. டாஸ்க் மனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்தால் ஒரே வரியில் தெரிந்துவிடும். வேர்ச்சுவல்பொக்சின் அடிப்பட்டையில் பச்சை ஆமை தெரிந்தால், விண்டோசின் ஹைப்பர்-வி அந்த வசதியைத் தன் கையில் வைத்திருக்கிறது. வேகம் குறைவது அதனால். புளூஸ்டாக்சில் அண்ட்ரொய்டு விளையாட்டுகளை விளையாடுவதற்காகப் பயோசைத் திறக்கத் தெரிந்த பையனிடம், படிப்புக்கு மெய்நிகர் இயந்திரம் சரிவராது என்று சொல்வது என்ன நியாயம்?

உண்மையான தடை ரம் ஒன்றுதான். 4 ஜிபி கணினியில் முழு உபுண்டுவையும் திணித்தால் இழுக்கத்தான் செய்யும். வரைகலை இடைமுகம் இல்லாத டெபியனுக்கு 512 எம்பி போதும். கட்டளை வரி, கோப்பு அனுமதி, வலையமைப்பு எல்லாவற்றையும் அதிலேயே பழகலாம். கெட்டுப்போனால் முன்பு சேமித்த ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்பலாம். வீட்டிலுள்ள ஒரே கணினியில் டுவல் பூட் போடச் சொல்லி, குடும்பப் படங்களோடு வன்தட்டைப் பணயம் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எமியூலேட்டர் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஆர்ம் சிப்புக்கான நிரலை இன்டெல் கணினியில் சோதிக்க அதைவிட்டால் வழியில்லை. அதன் மந்தத்தை மெய்நிகர் இயந்திரத்தின் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆசிரியர்களே, புதுக் கணினி வாங்கச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்புமுன், உங்கள் கணினிக் கூடத்தில் ஒவ்வொரு கணினியின் பயோசையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.