எல்லோருக்கும் ஒரே போன் நம்பர்!

ஆன்லைனில் ஃபார்ம் நிரப்பும்போது சிவப்பு எழுத்தில் 'தவறான எண்' என்று வந்தால் யாருக்குமே எரிச்சல்தான். ஆனால், எதைக் கொடுத்தாலும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும் சிஸ்டம்தான் ஆபத்தானது.

ஏராளமான வெப்சைட்களின் தகவல்களைச் சேமித்து வைப்பது 'மைஎஸ்க்யூஎல்' என்ற டேட்டாபேஸ். இதன் பழைய வெர்ஷன்கள் ரொம்ப சாது. பிறந்த தேதி பிப்ரவரி 30 என்று கொடுத்தாலும் மறுக்காது. 0000-00-00 என்று எழுதி வைத்துக்கொள்ளும். 10 எழுத்துக்கான கட்டத்தில் நீளமான பெயர் வந்தால், மிச்சத்தை வெட்டிவிடும். ஓரமாக ஒரு எச்சரிக்கைக் குறிப்பு போடும். அதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

மொபைல் நம்பர் கதை இன்னும் மோசம். போன் நம்பரும் எண்தானே என்று, சாதாரண முழு எண்ணுக்கான கட்டத்தில் அதைப் போட்டுவிடும் புரோகிராமர்கள் உண்டு. அந்தக் கட்டத்தில் அதிகபட்சம் 2147483647 வரைதான் கொள்ளும். இந்திய மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9-ல் தொடங்கும் 10 இலக்கங்கள். எல்லாமே அதைவிடப் பெரியவை. பழைய மைஎஸ்க்யூஎல் என்ன செய்யும்? ஒவ்வொருவருக்கும் 2147483647 என்றே பதிந்துவிட்டு, 'சேமித்தாயிற்று' என்று சொல்லிவிடும். ஆயிரம் பேர் பதிந்தாலும் ஒரே நம்பர்! (214 என்பது அமெரிக்காவின் டல்லாஸ் ஏரியா கோடு. அதனால் அங்கே இது நிஜ நம்பர் மாதிரியே தெரியும்.) ஒரு லேப் இப்படிப் பதிந்திருந்தால், அவசர ரிப்போர்ட்டைச் சொல்ல நோயாளியை எப்படிக் கூப்பிடுவது? உண்மையான நம்பர் உள்ளே போகவே இல்லையே!

2015-ல் வந்த 5.7 வெர்ஷனிலிருந்துதான், தப்பான தகவலை மறுப்பது இயல்பான செட்டிங் ஆனது. பழைய வெப்சைட்களில் எரர் கொட்டியதும், கோடைத் திருத்தாமல் அந்த செட்டிங்கையே அணைத்தவர்களும் உண்டு.

நம் மொபைலுக்குள் இருக்கும் 'எஸ்க்யூலைட்' வேறு ரகம். எண் கட்டத்தில் பெயரைப் போட்டாலும் ஏற்கும். ஆனால், கொடுத்ததை மாற்றாமல் வைத்திருக்கும். அது பரவாயில்லை, தப்பைப் பிறகாவது கண்டுபிடிக்கலாம். கண்டிப்பு வேண்டும் என்பவர்களுக்காக 2021-ல் அதிலும் தனி வசதி வந்துவிட்டது.

கண்டிப்பு மட்டும் இருந்தால் போதுமா? 'லாஸ்ட் நேம் கட்டாயம், குறைந்தது 2 எழுத்து' என்று அடம்பிடிக்கும் ஃபார்மில், இனிஷியல் மட்டுமே உள்ள தமிழர் என்ன செய்வார்? இனிஷியலையே இரண்டு முறை அடிப்பார், அல்லது தன் பெயரையே திரும்பப் போடுவார். ஃபார்ம் உடனே ஏற்றுக்கொள்ளும். பிறகு டிக்கெட்டில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால், கவுன்டரில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.