வரி ஏலத்தில் வரும் வீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல மாநிலங்களில், வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிய வரியைச் செலுத்தத் தவறியவரின் சொத்தை, சட்டம் விதித்த தவணை கழிந்தபின், கவுண்டி என்னும் மாவட்ட நிர்வாகம் பகிரங்க ஏலத்தில் விற்று, உயர்ந்த தொகை கேட்டவருக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறது. டெட்ராய்ட் நகரம் அடங்கிய வேய்ன் கவுண்டியில் 500 டாலருக்கே வீடுகள் ஏலத்துக்கு வந்த காலம் உண்டு என்றால், இவ்வேலங்களை நாடி முதலீட்டாளர் கூடுவதில் வியப்பில்லை. ஆனால் இந்தப் பத்திரத்தைக் கொடுக்கும் சர்க்கார், சொத்தின் நிலைக்கோ பாத்தியதைக்கோ எந்த உத்தரவாதமும் தருவதில்லை. விசாரித்து அறியும் பாரம் முழுவதும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

புளோரிடாவின் பிரோவர்டு கவுண்டியில் 2019ஆம் ஆண்டு, அழகிய வீடொன்றை ஏலத்தில் எடுத்துவிட்டதாக எண்ணி 9,100 டாலர் கட்டிய ஒருவருக்குக் கிடைத்தது, ஓர் அடி அகலமும் நூறு அடி நீளமும் கொண்ட ஒரு கீற்று நிலம். ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளுக்கு இடையே, தபால் பெட்டியின் அடியில் தொடங்கி, கார் கொட்டகைகளைப் பிரிக்கும் சுவரின் கீழாகக் கொல்லைவரை ஓடிய அந்த நிலத்தின் மதிப்பு 50 டாலர் என்றும், அதில் கட்டடம் ஏதும் இல்லை என்றும் மதிப்பீட்டு அலுவலகப் பதிவேடு தெளிவாகவே சொல்லியிருந்தது. படத்தைப் பார்த்தவர் பதிவேட்டைப் பார்க்கவில்லை. அவர்மீது இரக்கம் வரலாம். பணம் திரும்பி வராது.

இது சுலபமான பாடம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுவது அடுத்த சிக்கல். கலிபோர்னியாவில் குடியிருப்பு வீடானால் ஐந்தாண்டுப் பாக்கிக்குப் பின்பே விற்பனைக்கு வழி பிறக்கும். டெக்ஸாஸிலோ, ஏலம் முடிந்த பின்னரும், தாம் குடியிருந்த வீட்டைப் பழைய சொந்தக்காரர் இரண்டாண்டுக்குள் மீட்டுக்கொள்ளலாம். முதலாண்டில் 25 சதவீதமும் இரண்டாமாண்டில் 50 சதவீதமும் கூட்டிக் கொடுக்க வேண்டும். வங்கியின் அடமானம் பெரும்பாலும் வரி ஏலத்தோடு அற்றுப்போகும் என்றாலும், மத்திய வருமான வரித்துறைக்குச் சொத்தின்மேல் பாத்தியதை இருந்தால், 120 நாட்களுக்குள் ஏலத்தொகையைச் செலுத்தி அத்துறை அதைத் தானே எடுத்துக்கொள்ள இடமுண்டு.

இவற்றையெல்லாம் சிரத்தையோடு ஆராய்கின்றவர்களும் கவனியாது விடும் ஒரு விஷயம் உண்டு. என் அபிப்பிராயத்தில் அதுவே தலையாயது. சொத்தை இழக்கப்போகும் மனிதருக்கு அச்செய்தி முறையாக எட்டியதா என்பதே அது. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், 1967இல் வாங்கிய வீட்டுக்கு முப்பதாண்டுகளாக அடமானக் கம்பெனியே வரி கட்டிவர, கடன் தீர்ந்தபின் வரி நின்றுபோன ஒருவருக்கு அரசு அனுப்பிய பதிவுத் தபால்கள், பெறுவாரின்றித் திரும்பி வந்தன. 80,000 டாலர் பெறுமான அவ்வீடு சுமார் 21,000 டாலருக்கு விலைபோயிற்று. திரும்பி வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இயன்ற வேறு முயற்சி ஏதும் செய்யாமல் வீட்டை விற்றது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று, ஜோன்ஸ் எதிர் பிளவர்ஸ் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சான் பிரான்சிஸ்கோவின் செல்வந்தர் குடியிருக்கும் பிரசிடியோ டெரஸ் என்னும் தனியார் தெரு, ஆண்டுக்கு 14 டாலர் வீதம் முப்பதாண்டுகள் வரி நின்றுபோனதால், 2015இல் சுமார் 90,000 டாலருக்கு ஏலம் போயிற்று. வரிச்சீட்டுகள் எப்போதோ வேலையை விட்டுப்போன ஒரு கணக்கரின் முகவரிக்கே போய்க்கொண்டிருந்தன. வாங்கிய தம்பதியர் சட்டப்படி நடந்தும், 2017இல் நகர மேற்பார்வையாளர் சபை அவ்விற்பனையை ரத்துச் செய்துவிட்டது. அத்தெருவில் மாளிகைகளுக்குப் பதில் ஏழைகளின் வீடுகள் இருந்திருந்தால் அச்சபை இவ்வளவு இரக்கம் காட்டியிருக்குமா என்பது வேறு கேள்வி.

ஆகவே, ஏலத்துக்கு முன்பாக நிலத்தை நேரில் பார்த்து, பதிவேட்டைப் புரட்டி, வில்லங்கம் தேடியவர்கள், கவுண்டி அலுவலகத்தில் அச்சொத்தின் ஆவணக் கட்டையும் கேட்டு வாங்கி, நோட்டீசு யாருக்கு, எந்த முகவரிக்குப் போயிற்று, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து உண்டா என்று பார்க்க வேண்டும். பிரிக்கப்படாத உறை ஒன்று அக்கட்டில் இருந்து, அதற்குமேல் ஒரு முயற்சியும் நடந்ததாகக் குறிப்பு இல்லாவிட்டால், விலை எவ்வளவு மலிவானாலும் அந்த ஏலத்தை விட்டுவிடுங்கள்.